பின்னால் நிற்பவன்

கிழமை நாட்களில் சீனக்குடா ஆலையில் மா மூட்டை சுமக்கிறேன்.
ஐம்பது கிலோ. தோள் பொய் சொல்லாது.
ஞாயிற்றுக்கிழமை, டொக்யாட் வீதி மாடி மண்டபத்தில்
விழுகிறவர்களைப் பிடிப்பது என் ஊழியம்.

போதகர் எமர்சன் நெற்றியில் கை வைப்பார்.
நான் பின்னால், ஒரு முழத் தூரத்தில்,
இரண்டு கையும் விரித்து.
விழுந்த பெண்களின் காலுக்குப் போர்த்த
ஊதாத் துணியோடு றெஜினா அக்கா.
எந்தக் கட்டையில் அழுகை வரும் என்று
கீபோர்ட் பெடியனுக்குத் தெரியும்.
கையைக் கொஞ்சம் இறக்குவான்,
மூன்றாவது வரிசை உடனே விசும்பும்.
அதையும் நான் குறை சொல்லேன்.
மழைக்கு முன் குளிர்காற்று வருவதில்லையா,
சில வேளை மழை வராமலே?

எட்டு வருஷமாக முதுகுகளைப் படிக்கிறேன்.
ஒருத்தன் விழுமுன்
குதிக்காலால் என்னைத் தேடுவான்.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைப்பான்.
அவன் எடையில் பாதிதான் என்னிடம் வரும்,
மீதியை அவனே வைத்திருப்பான்.
இன்னொருத்தி வருவாள்
கயிறு அறுந்த மூட்டை போல, முழுசாக.
அது ஆவியோ, மூன்று நாள் பட்டினியோ,
புருஷன் கட்டாரிலிருந்து பேசாத ஏழு மாசமோ,
என் கைக்குத் தெரியாது.

கொழும்பிலிருந்து வந்த தீர்க்கதரிசி
"இங்கே ஒருவருக்கு விசா தடைப்பட்டிருக்கிறது" என்றார்.
பதினாறு பேர் எழும்பினார்கள்.
திருகோணமலையில் அதைச் சொல்ல வெளிப்பாடு வேண்டுமா?
பதினாறில் ஒருத்தன் என் தம்பி.
நானும் கை தூக்கி ஆமென் சொன்னேன்.

சொல்லிவிடுகிறேன்:
நானும் ஒரு தரம் விழுந்திருக்கிறேன்.
வெள்ளி உபவாசக் கூட்டம், பின்னால் நீண்ட வரிசை.
ஐயாவின் உள்ளங்கை என் நெற்றியில்
முதலில் இருந்தது, பிறகு அழுத்தியது.
மூன்றாம் அழுத்தலில் வெட்கம் வந்தது. விழுந்தேன்.
பிடித்தவன் யோகராசன்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், எடை அறிந்தவன்.
தரையில் கிடத்தும்போது ஒன்றும் சொல்லவில்லை.
கண் மூடிக் கிடந்து
மின்விசிறியின் கிறீச்சை எண்ணினேன்.
அதன் பிறகு, விழுகிறவர்களைப் பார்த்துச்
சிரிக்க என்னால் ஆகவில்லை.

போன மாசி, கரண்ட் போன இரவு.
கீபோர்ட் இல்லை, மைக் இல்லை.
கீழே வீதியில் மான்கள்
குப்பைப் பையைக் கிழிக்கிற சத்தம்கூடக் கேட்டது.
வரிசையில் பெர்ணபெத்து அக்கா,
சந்தையில் கருவாடு விற்பவள்.
ஐயா கை வைத்தார். நின்றாள்.
அழுத்தினார். நின்றாள்.
விரித்த என் கை கடுத்தது,
யாரையும் தாங்காமலே.
திரும்பாமல் சொன்னாள்:
"தம்பி, கையை இறக்குங்கோ. நான் நிக்கிறன்."

அந்நிய பாஷை இல்லை. நடுக்கம் இல்லை.
மெழுகுதிரியைப் பிடித்தபடி
எல்லாரோடும் படி இறங்கிப் போனாள்.

மறுநாள் விடிகாலை, வேலைக்குப் போகும் வழியில்,
அவள் வளவில் அலவாங்குச் சத்தம்.
பதினொரு வருஷத்துக்கு முன்
சிவயோகத்தின் காணிக்குள் இரண்டடி
தள்ளி நட்ட வேலி அது.
கதியால்களைத் தோண்டித் தோண்டித்
தன் பக்கம் திருப்பி நட்டுக்கொண்டிருந்தாள்.
மூன்றுதான் முடிந்திருந்தது.
அந்தப் பக்கம் சிவயோகம்,
திருநீறு பூசிய நெற்றியோடு, கை கட்டி,
நன்றி எதுவும் சொல்லாமல்,
நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிளைச் சாத்திவிட்டு
நாலாவது கதியாலைப் பிடித்தேன்.
அசையவில்லை.
"மெல்ல," என்றாள் அக்கா,
"வேர் விட்டிருக்கு."

ஆலைக்கு அன்றைக்கு நான் பிந்தித்தான் போனேன்.